சுண்டிய பந்தும் சொடக்கிய பந்தும்

கிரிக்கெட்டில் சுழற்பந்துகளுக்கு வழங்கும் பெயர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல. ‘லெக் பிரேக்’ என்ற பெயர் பந்து எந்தப் பக்கத்திலிருந்து திரும்புகிறது என்பதைச் சொல்கிறது. ‘டொப் ஸ்பின்’ பந்து உருளும் விதத்தைச் சொல்கிறது. ‘கரம் பந்து’ விரலின் வேலையைக் காட்டுகிறது. ‘போசி’ ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. ‘தூஸ்ரா’வோ எதையுமே சொல்லவில்லை, உருதுவிலும் ஹிந்தியிலும் அதற்கு ‘மற்றது’ என்று பொருள், அவ்வளவுதான். பூக்களில் சிலவற்றை நிறத்தாலும், சிலவற்றை மணத்தாலும், சிலவற்றைப் பறித்தவன் பெயராலும் அழைத்தால் என்ன குழப்பம் வருமோ அதே குழப்பம் இங்கும் இருக்கிறது. ஆனாலும் துடுப்பாட்ட வீரர்களும் விக்கெட் காப்பாளர்களும் வர்ணனையாளர்களும் நூறாண்டுக்கு மேலாக இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு தடுமாற்றமில்லாமல் பேசிவருகிறார்கள். அப்படியானால் இந்தப் பெயர்கள் எதையோ வகைப்படுத்துகின்றன. அது பந்தை அல்ல என்பதுதான் விசித்திரம்.

ஆட்ட விதிகளைப் புரட்டினால் இந்தப் பெயர்களில் ஒன்றுகூட அகப்படாது. 21ஆவது விதிப்படி, பந்துவீச்சாளர் வலக்கையால் வீசப்போகிறாரா இடக்கையாலா, ஸ்டம்புக்கு எந்தப் பக்கத்தால் வரப்போகிறார் என்பவற்றை நடுவர் கேட்டறிந்து துடுப்பாட்ட வீரருக்குச் சொல்ல வேண்டும். இலங்கையில் இந்த விதிக்கு உண்மையாகவே வேலை வந்ததுண்டு. 1996 உலகக் கிண்ணத்தில் கண்டியில் கென்யாவுக்கு எதிராக ஹஷான் திலகரட்ன ஒரே ஓவரில் இரண்டு கைகளாலும் வீசினார். 2018 ஒக்டோபர் 27இல் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராகக் கமிந்து மெண்டிஸும் அப்படியே வீசினார். கை மாறும்போது சொல்லியாக வேண்டும். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை; அதையும் சொல்லிவிட்டால் பிறகு ஆட்டம் எதற்கு?

பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் வகைப்பாடு இதைவிட ஒரு படி கூடியது. வீசும் கை வலமா இடமா என்பது முதற் கேள்வி. சுழற்சியைக் கொடுப்பது விரலா மணிக்கட்டா என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்தால் நான்கு அறைகள் கிடைக்கும். வலக்கை விரல் என்றால் ஓஃப் ஸ்பின். வலக்கை மணிக்கட்டு என்றால் லெக் ஸ்பின். இடக்கை விரல் வழமையான இடக்கைச் சுழல். ரங்கன ஹேரத் வீசியது அது. இடக்கை மணிக்கட்டு நான்காவது. அதற்கு நெடுங்காலம் இருந்த பெயர் பின்னாளில் சங்கடமாயிற்று.

அழகான நாற்சதுரம். அதை உடைத்தவர் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, கொழும்பில் தமிழ் யூனியன் கழகத்துக்காக ஆடிய முத்தையா முரளிதரன். ஓஃப் ஸ்பின்னர் ஆட்காட்டி விரலால் பந்தைத் திருகுவார். மணிக்கட்டு சும்மா துணைக்கு நிற்கும். முரளிதரனுக்கோ மணிக்கட்டுத்தான் எல்லாம். லெக் ஸ்பின்னரைப்போல மணிக்கட்டைச் சுழற்றி வீசினார். பந்து திரும்பியது ஓஃப் ஸ்பின்னர் திருப்பும் பக்கத்துக்கு. விரலால் கிடைக்காத சுழற்சி வேகம் அவருக்குக் கிடைத்ததற்கு அதுவே காரணம். வலக்கை மணிக்கட்டு ஓஃப் ஸ்பின் என்று ஒரு அறை அந்தச் சதுரத்தில் இருக்கவில்லை. 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த ஒருவரை வைக்க இடமில்லாத வகைப்பாட்டில் ஏதோ குறை இருக்கத்தான் வேண்டும்.

குறையைக் கண்டுபிடிக்கப் பந்துவீச்சாளரை விட்டுப் பந்திடம் போக வேண்டும். தக்கையும் நூலும் தோலுமாகச் செய்த கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை நிறையுள்ளது. நடுவே வரப்புப்போலத் தையல் ஓடும். நல்ல சுழற்பந்து வீச்சாளர் கையிலிருந்து அது நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது செக்கனுக்கு 33 சுற்று. மணிக்கு 80 கிலோமீற்றரில் போகும் பந்து துடுப்பை அடைய ஒரு செக்கனுக்கும் குறைவாகவே எடுக்கும். அந்தச் சிறு பொழுதில் அது 25 தடவைக்கு மேல் சுழன்றுவிடுகிறது. பந்தின் தோல் தன் மையத்தைச் சுற்றி ஓடும் வேகம் மட்டும் மணிக்கு 27 கிலோமீற்றரளவில் வரும். தரையைத் தொடும் கணத்தில் தையல் மண்ணைப் பற்றினால், அந்த வேகத்தில் ஒரு பங்கு பக்கவாட்டு ஓட்டமாக மாறுகிறது. பந்து ‘திரும்புகிறது’ என்பது இதைத்தான்.

எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அறிய, வீசும் இடத்திலிருந்து ஆடுகளத்தை ஒரு மணிக்கூட்டு முகமாக எண்ணிப் பார்க்கலாம். துடுப்பாட்ட வீரர் 12இல் நிற்கிறார், பந்துவீச்சாளர் 6இல். பறக்கும் பந்தின் மேற்புறம் எந்த எண்ணை நோக்கி உருள்கிறது என்பதே கேள்வி. 12ஐ நோக்கி உருண்டால் டொப் ஸ்பின். 6ஐ நோக்கி, அதாவது பின்னோக்கி உருண்டால் பக் ஸ்பின். 3ஐ நோக்கி உருண்டால், விழுந்தபின் பந்து வலப்பக்கம் போகும். வலக்கைத் துடுப்பாட்ட வீரருக்கு அது உள்ளே வரும் ஓஃப் பிரேக். 9ஐ நோக்கி என்றால் வெளியே போகும் லெக் பிரேக். நடைமுறையில் எந்தப் பந்தும் இப்படி எண்ணின்மேல் நேரே நிற்பதில்லை. முரளிதரனின் வழமையான பந்தை 2க்கும் 3க்கும் இடையில் எங்கோ வைக்கலாம். நல்ல லெக் பிரேக் 9க்கும் 11க்கும் இடையில் அலையும்.

விழுவதற்கு முன்பே காற்றும் தன் பங்கைக் கேட்கிறது. சுழலும் பந்து தன்னைச் சுற்றிய காற்றை ஒரு பக்கமாகத் திருப்பி எறிகிறது. அதற்கு எதிர்ப்பக்கம் தான் தள்ளப்படுகிறது. டென்னிஸ் பந்தின் வளைவை வைத்து நியூட்டன் 1672இலேயே இதைக் குறித்தார். 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜெர்மனியரான மக்னஸின் பெயரால் இது மக்னஸ் விளைவு எனப்படுகிறது. டொப் ஸ்பின் பந்தைக் காற்று கீழே அமுக்கும். அது எதிர்பார்த்த இடத்துக்கு முன்னதாகவே விழுந்து, உயர எழும்பும். பக் ஸ்பின் பந்து சற்று மிதந்து வந்து, விழுந்ததும் தாழ்ந்து வழுக்கும்.

9ஐ நோக்கி உருளும் பந்தின் கதை இன்னும் நுட்பமானது. அது சுழலும் அச்சு பந்து போகும் திசையிலேயே கிடக்கிறது, துளைபோடும் ஆணியைப்போல. அதனால் வீசிய உடனே காற்றால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பந்து வளைந்து இறங்கத் தொடங்கியதும் பாதை சரிகிறது. அச்சு மட்டும் படுத்தபடியே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே கோணம் விழுந்த அக்கணமே காற்று பந்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அதுவும் பந்து பிறகு திரும்பப்போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. 1993 ஜூன் 4இல் மன்செஸ்டரில் ஷேன் வோர்ன் மைக் கட்டிங்குக்கு வீசிய பந்து இதற்குப் பாடப்புத்தக உதாரணம். கடைசிக் கணத்தில் லெக் பக்கமாக விலகி, கால்களுக்கு வெளியே விழுந்து, திரும்பி வந்து ஓஃப் ஸ்டம்பைத் தட்டியது. அது ஒரு சாதாரண லெக் பிரேக். தனிப் பெயர் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இனிப் பெயர்களை எடுத்து மணிக்கூட்டின்மேல் வைத்துப் பார்க்கலாம். 9இன் பக்கம் லெக் பிரேக் வருகிறது. தூஸ்ராவும் அங்கேதான். கரம் பந்தும் பெரும்பாலும் அங்கேதான். இடக்கை விரல் சுழற்பந்து வீச்சாளரின் அன்றாடப் பந்தும் அதே இடம். 3இன் பக்கம் ஓஃப் பிரேக், கூக்ளி, இடக்கை மணிக்கட்டுக்காரரின் வழமையான பந்து. 6இன் அருகில் ஃபிளிப்பரும் ஸ்லைடரும் நெருக்கியடித்து நிற்கின்றன. பௌதிகவியல் மூன்று நான்கு பெட்டிகளோடு வேலையை முடித்துக்கொள்கிறது. ஆடுபவர்களோ ஒரே பெட்டிக்கு நான்கு பெயர் வைத்திருக்கிறார்கள்.

கூக்ளி பிறந்த கதை இதை விளக்கும். இங்கிலாந்தின் பேர்னார்ட் போசன்கே 1897ஐ ஒட்டி ஒரு மேசை விளையாட்டில் ஈடுபட்டிருந்தார். மேசைக்கு மறுபக்கம் இருப்பவர் பிடிக்க முடியாதபடி டென்னிஸ் பந்தைக் குத்தி அனுப்ப வேண்டும். அதில் பழகிய வித்தையை அவர் ஆடுகளத்துக்குக் கொண்டுபோனார். 1900இல் லோர்ட்ஸில் லெஸ்டர்ஷயரின் சாமுவேல் கோ 98 ஓட்டங்களில் நின்றபோது போசன்கே வீசிய அப்படியொரு பந்து நான்கு தடவை குத்தி எழும்பிப் போய் அவரை ஸ்டம்ப் செய்ய வைத்தது. வெட்கப்பட வேண்டிய பந்து. ஆனால் வரலாறு அதிலிருந்து தொடங்கியது. கூக்ளி மணிக்கூட்டில் 3ஐ நோக்கி உருளும் பந்து, அதாவது வெறும் ஓஃப் பிரேக். அதில் புதுமை ஒன்றே ஒன்றுதான். அதை வீசும் கை லெக் பிரேக் வீசும் கையைப்போல இருந்தது. மணிக்கட்டு இன்னும் ஒரு பங்கு கூடத் திரும்பி, பந்து புறங்கைப் பக்கத்தால் வெளியேறியது.

அதே தந்திரத்தை எதிர்ப்பக்கத்தால் செய்தால் தூஸ்ரா. ஓஃப் ஸ்பின்னரின் கை, லெக் பிரேக்கின் திருப்பம். 1990களின் பிற்பகுதியில் பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் அதைக் கூராக்கினார். விக்கெட் காப்பாளர் மொயின் கான் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று “தூஸ்ரா” போடச் சொல்லிக் கத்துவார் என்றும், அந்தச் சொல் வர்ணனையாளர் டோனி கிரேக்கின் வாய்வழியே உலகத்துக்குப் போனது என்றும் சொல்லப்படுகிறது. ஆக அது ஒரு சங்கேதச் சொல். துடுப்பாட்ட வீரருக்கு விளங்கக்கூடாது என்பதற்காகவே பொருளற்றதாக வைக்கப்பட்ட சொல், பிறகு எல்லாருக்கும் விளங்கும் கலைச்சொல்லாகிவிட்டது.

பெயர்களின் கணக்கு இங்கேதான் பிடிபடுகிறது. துடுப்பாட்ட வீரர் முதலில் பந்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறார். கை ஒன்றைச் சொல்லப் பந்து வேறொன்றைச் செய்தால்தான் புதுப் பெயர் பிறக்கிறது. கூக்ளி, தூஸ்ரா, கரம் பந்து எல்லாம் பந்தின் பெயர்களல்ல. கைக்கும் பந்துக்கும் இடையே விழும் வேற்றுமைகளின் பெயர்கள். வோர்னின் கட்டிங் பந்து எவ்வளவு அற்புதமானாலும் கை சொன்னபடியே நடந்தது. அதனால் அது பழைய பெயரிலேயே இருக்கிறது. வகைப்படுத்த வேண்டுமென்றால் இரண்டு அச்சுகள் வேண்டும்: கை காட்டுவது எது, பந்து செய்வது எது. முரளிதரனையும் அந்தக் கட்டத்தில் வைக்கலாம். மணிக்கட்டா விரலா என்ற கேள்வியே அங்கே எழாது.

விரல்களைப் பற்றிச் சற்று நின்று பேசத்தான் வேண்டும், ஏனெனில் கை சொல்லும் பொய்களில் மிக நுண்மையானவை விரல்களிடமே இருக்கின்றன. தமிழில் இதற்கு இரண்டு வினைகள் உண்டு. நடுவிரலை மடக்கிப் பின் வெளியே தெறிக்க விடுவது சுண்டுதல். நடுவிரலைப் பெருவிரலோடு அழுத்தி, நழுவவிட்டு, உள்ளங்கையில் ‘டக்’கென்று அடிக்கவைப்பது சொடக்குப் போடுதல். ஒன்றில் விரல் வெளியே போகிறது. மற்றதில் உள்ளே வருகிறது. ஒன்று சத்தமில்லாதது, மற்றது சத்தத்துக்காகவே செய்யப்படுவது.

அவுஸ்திரேலியாவின் கிளாரி கிரிம்மெட் பழகிய ஃபிளிப்பர் அசலான சொடக்கு. பெருவிரலுக்கும் முதல் இரு விரல்களுக்கும் நடுவே பந்தைப் பிதுக்கி, கைக்குக் கீழால் பின்சுழற்சியோடு அனுப்புவது. எந்தச் சொடக்கையும்போல அதுவும் சத்தம் போட்டது. கூர்ந்து கேட்ட துடுப்பாட்ட வீரர்கள் சத்தத்தை வைத்தே ஃபிளிப்பரை அறியத் தொடங்கினார்கள். கிரிம்மெட் கண்ட மாற்று வழி சுவையானது. சாதாரண லெக் பிரேக் வீசும்போது சும்மா இருந்த இடக்கையால் சொடக்குப் போட்டார். காதுக்கும் ஒரு கூக்ளி!

சுண்டுதலின் வரலாறு வேறு. இரண்டாம் உலகப்போரில் நியூகினியில் பணியிலிருந்த அவுஸ்திரேலியர் ஜக் இவர்சன், பொழுதுபோக்காக மேசைப்பந்து ஒன்றை நடுவிரலால் சுண்டிப் பழகினார். மேசைப்பந்து 3 கிராமுக்கும் குறைவு. அதே விரலை 160 கிராம் பந்துக்குப் பழக்கி, 1950–51 ஆஷஸ் தொடரின் 5 டெஸ்டுகளில் 21 விக்கெட் எடுத்தார்; அதன்பின் டெஸ்ட் ஆடவில்லை. அவருடைய பிடியைப் பின்பற்றிய ஜோன் கிளீசன் 1967 முதல் 1972 வரை 29 டெஸ்டுகளில் 93 விக்கெட் எடுத்தார். இருவர் காலத்திலும் அந்தப் பந்துக்கு ஒட்டிக்கொண்ட பெயரில்லை. மர்மப் பந்து என்றார்கள், இவர்சன் பிடி என்றார்கள். சுண்டுவது என்ன வேலை என்பதைக் காட்ட ஒரு வீட்டுப் பொருள் அவர்களுக்கு அகப்படவில்லை.

இலங்கையில் அந்தப் பொருள் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. கொழும்பின் பம்பலப்பிட்டியில் மின்சாரம் போன இரவில் மெழுகுதிரியை ஓரத்தில் வைத்துக்கொண்டு கரம் போட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு விரல் சுண்டுவதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாவைத் தூவி, ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, நகத்தால் ஒரு தட்டு. ஸ்ட்ரைக்கரின் நிறை 15 கிராமைத் தாண்டக்கூடாது. தொடர்மாடியின் கீழ் முற்றத்திலோ, காலி வீதிக்கும் கடலோர றெயில் பாதைக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளிலோ ஆடப்படும் டென்னிஸ் பந்து 58 கிராமளவில் வரும். அதையும் ஒரு சிறுவன் விரலால் சுண்டிவிடலாம். பஞ்சுபோன்ற மேற்பரப்பு பற்றிக்கொடுக்கும், பந்து தரையில் குத்தி எங்கோ ஓடும். தோல் பந்து அப்படி இடம்கொடுக்காது. அதன் நிறை ஏறக்குறைய மூன்று டென்னிஸ் பந்துகளுக்குச் சமம். மடிந்த விரலின் முதல் மூட்டே அத்தனையையும் தள்ள வேண்டும். ஒழுங்கையில் நூறு பேருக்கு வரும் வித்தை டெஸ்ட் மைதானத்தில் ஒருவருக்கு வருவது அதனால்தான்.

அந்த ஒருவர் 2008இல் வந்தார். இலங்கை இராணுவத்தில் இருந்த அஜந்த மெண்டிஸ், அந்த வருடம் ஜூலை 6இல் கராச்சியில் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு எதிராக 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். அடுத்த சில வாரங்களில் இலங்கையில் நடந்த டெஸ்ட் தொடரின் மூன்று ஆட்டங்களில் 26 விக்கெட். மூன்று டெஸ்ட் கொண்ட அறிமுகத் தொடரில் இங்கிலாந்தின் அலெக் பெட்சர் 1946இல் எடுத்த 24தான் அதுவரை அதிகம். மூன்றாவது டெஸ்ட் நடந்த இடம் தமிழ் யூனியனின் தாய்மைதானமான பொரளை பி. சரவணமுத்து மைதானம். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பந்தைப் பிடித்து, மடித்த நடுவிரலால் வெளியே தெறிக்கவைத்தார் மெண்டிஸ். மணிக்கட்டு திரும்பவே இல்லை. மணிக்கட்டைப் பார்த்துப் பழகிய கண்களுக்குச் செய்தி எதுவும் போகவில்லை. அறுபது வருடமாகச் சரியான பெயரில்லாமல் கிடந்த பந்துக்குச் சில நாட்களில் ‘கரம் பந்து’ என்ற பெயர் நிலைத்தது.

அதே பந்து சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தோடு ஆடுகிறவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அங்கே அதற்குச் ‘சொடக்கு’ப் பந்து என்று பெயர். ரவிச்சந்திரன் அஸ்வின் தெருக் கிரிக்கெட்டிலிருந்தே அதைக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார், அந்தப் பெயராலேயே சொல்லியும் வந்திருக்கிறார். சொல்லைக் கண்டிப்பாகப் பார்த்தால் அது சொடக்கு அல்ல, சுண்டுதல். சொடக்கு என்ற பெயருக்கு உரிமை கிரிம்மெட்டின் ஃபிளிப்பருக்கே. ஆனால் தெரு வைத்த பெயரைத் திருத்த அகராதிக்கு அதிகாரமில்லை.

பெயரும் அமைப்பும் பிசகாமல் பொருந்தும் வகைப்பாடுகள் உலகில் இல்லாமலில்லை. பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்துக் கச்சேரிகளுக்குப் போகிறவர்களுக்கு 72 மேளகர்த்தா ராகங்களைத் தெரியும். கடபயாதி முறைப்படி பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே ராகத்தின் எண்ணைத் தந்துவிடும். மேசகல்யாணியில் ‘ம’ 5, ‘ச’ 6. திருப்பிப் படித்தால் 65. எண் தெரிந்தால் சுரங்கள் தெரியும். பெயரைக் கேட்டே ராகத்தைக் கட்டியெழுப்பலாம்.

விளையாட்டிலும் அப்படியொன்று உண்டு. 1972இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மைக் மார்ஷல், ஜோன் ஸ்டால்பேர்கர் என்ற இருவர், மணி நிரப்பிய சிறு துணிப்பந்தைக் கையால் தொடாமல் காலால் தட்டி நிலத்தில் விழாமல் வைத்திருக்கும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். ஃபுட்பக் என்ற அந்த ஆட்டத்தின் வித்தைகள் உறுப்புறுப்பாகப் பிரிக்கப்படுகின்றன. காற்றிலுள்ள பந்தைக் கால் ஒருமுறை சுற்றினால் ஒரு புள்ளி. பாதத்தில் பந்தை ஏந்தி நிறுத்தினால் ஒன்று. தலையைக் குனிந்து பந்தைக் கழுத்துக்கு மேலால் போகவிட்டால் ஒன்று. உடம்பு முழுச் சுற்றுச் சுற்றினால் இன்னொன்று. ‘மிராஜ்’ இரண்டு புள்ளி வித்தை; முன்னால் ‘பரடொக்ஸ்’ என்ற அடை சேர்ந்தால் மூன்று. அடைகளை அடுக்க அடுக்கப் பெயர் நீளும், கடினமும் கூடும். ஒருவரும் செய்து பார்க்காத வித்தைக்குக்கூடப் பெயரை முன்கூட்டியே எழுதிவிடலாம். ஆனால் அங்கும் மனித வாய் சும்மா இருக்கவில்லை. ‘ஸ்டெப்பிங் பட்டர்ஃபிளை’ என்ற முறையான பெயர் இருக்க, ஆடுகிறவர்கள் அதை ‘ரிப்வோக்’ என்றே அழைக்கிறார்கள்.

கிரிக்கெட்டில் அத்தகைய முறை வராததற்குக் காரணம் எளிது. ஃபுட்பக் வீரர் தான் என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்பவருக்குக் காட்டிப் புள்ளி வாங்குகிறார். பெயர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு நல்லது. சுழற்பந்து வீச்சாளர் மறைத்துச் சம்பாதிக்கிறார். அவருக்குத் தெளிவான பெயர் நட்டம். ஷேன் வோர்ன் தொடர் தொடங்குமுன் புதுப் பந்தொன்று கைவசம் இருப்பதாகச் சொல்லிவைப்பது வழக்கமாயிருந்தது. பந்து வந்ததோ இல்லையோ, பெயர் முன்னதாகவே போய் எதிரணியின் உறக்கத்தைக் கெடுத்தது. ஆகவே பெயர் வைக்கும் வேலை ஏமாந்தவர்களிடமும் பார்த்தவர்களிடமும் விடப்பட்டிருக்கிறது. பம்பலப்பிட்டி புனித பீட்டர்ஸ் கல்லூரியில் படித்து, இலங்கைக்காகத் துடுப்பாடி ஓஃப் ஸ்பின்னும் வீசிய ரசல் ஆர்னல்ட் இன்று வர்ணனையாளராக இருக்கிறார். மைதானத்தில் வீசியபோது அவருக்கு இல்லாத பெயரிடும் அதிகாரம் ஒலிவாங்கிக்குப் பின்னால் கிடைத்திருக்கிறது.

ஆட்பெயர்கள் இந்த அகராதியில் ஓரமாக நிற்கின்றன. போசன்கே அவுஸ்திரேலியர் வாயில் ‘போசி’யானார். திலகரட்ன டில்ஷான் 2009 இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் பந்தைத் தன் தலைக்கும் காப்பாளர் தலைக்கும் மேலால் அள்ளிவிட்ட அடி ‘டில்ஸ்கூப்’ ஆயிற்று. இவற்றில் கெடுதலில்லை. நாற்சதுரத்தின் நான்காவது அறைக்கு வழங்கிய ‘சைனாமன்’ வேறு மாதிரி. சீன வம்சாவளியினரான மேற்கிந்தியத் தீவுகள் வீரர் எலிஸ் அச்சொங் 1933இல் மன்செஸ்டரில் வோல்ட்டர் ரொபின்ஸை ஆட்டமிழக்கச் செய்தபோது, ரொபின்ஸ் சினந்து சொன்ன சொல்லே பெயரானது என்பது கதை. அந்தச் சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்ததற்கும் சான்றுகள் உண்டு. ஒரு இனத்தைக் கேலி செய்யும் சொல் பந்தின் பெயராக இருக்க வேண்டியதில்லை என்று விஸ்டன் கிரிக்கெட் ஆண்டேடு 2018இல் அதைக் கைவிட்டு, ‘இடக்கை மணிக்கட்டுச் சுழல்’ என்று எழுதத் தொடங்கியது. சுவையற்ற பெயர்தான். ஆனால் நாற்சதுரத்தில் அறையைச் சரியாகக் காட்டும் ஒரே பெயரும் அதுவே. இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலக 2010இல் வெளியிட்ட நாவலின் தலைப்பிலும் பழைய சொல்லே இருக்கிறது. காணாமற்போன ஒரு தமிழ்ச் சுழற்பந்து வீச்சாளரைக் கொழும்பில் தேடும் கதை அது. பெயர் எப்படி ஒருவரை மறைக்கும் என்பதைக் காட்ட அதைவிடப் பொருத்தமான சொல் அவருக்குக் கிடைத்திராது.

ஒரு பந்து வகைப்பாட்டை விட்டே வெளியேற்றப்படுவதும் நடக்கும். முழங்கை மடிந்து நிமிர்ந்தால் அது வீச்சல்ல, எறிதல். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயர் அவருக்கு ‘நோ போல்’ கொடுத்தார். 2004 மார்ச்சில் ஆட்ட மத்தியஸ்தர் கிறிஸ் புரோட் அவருடைய தூஸ்ராவை மட்டும் தனியாக முறையிட்டார். பேர்த் நகரில் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது தூஸ்ராவில் கை சராசரி 14 பாகை நிமிர்ந்தது. பயிற்சிக்குப் பின் 10.2. அன்று சுழற்பந்து வீச்சாளருக்கு எல்லை 5 பாகை. அவ்வருடமே முரளிதரன் முழங்கை அசையாதபடி இரும்புத் தண்டு வைத்த கவசமொன்றைப் பூட்டிக்கொண்டு ஒளிப்படக்கருவி முன்னால் தன் பந்துகளை வீசிக்காட்டினார். கண்ணுக்கு நேராகத் தெரியும் வேகப்பந்து வீச்சாளர்களின் கையும் 5ஐத் தாண்டுவது ஆய்வுகளில் தெரியவந்ததும், 2005 மார்ச் 1 முதல் எல்லாருக்கும் எல்லை 15 ஆயிற்று. முன்பு நடுவரின் கண் இட்டிருந்த கோட்டை இப்போது கருவி இட்டது. ஆனால் 2014இல் சோதனைகள் இறுகி, பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் தடைசெய்யப்பட்ட பின், முழங்கையை நம்பிய தூஸ்ரா அநேகமாக ஆட்டத்திலிருந்தே மறைந்தது. சொல் மட்டும் இருக்கிறது. முழங்கைக்கு வேலையில்லாத கரம் பந்துக்கு அந்தக் கதி நேரவில்லை. இன்று அதை இலங்கையின் மஹீஷ் தீக்‌ஷன வீசுகிறார்.

மெண்டிஸுக்கு நேர்ந்தது வேறு. ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அவர் விரல் பிடிபட்டது. 19 டெஸ்டுகளில் அவர் எடுத்த 70 விக்கெட்டுகளில் 26 முதல் மூன்றிலேயே வந்தவை. மணிக்கூட்டில் அந்தப் பந்து அதே எண்ணைத்தான் நோக்கி உருண்டது. கைக்கும் பந்துக்கும் இடையே இருந்த வேற்றுமைதான் தீர்ந்துபோயிருந்தது.

ஓட்டக் கணக்குப் புத்தகத்தில் இவற்றுக்கெல்லாம் நிரலே இல்லை. 2010 ஜூலை 22இல் காலியில் பிரக்ஞான் ஓஜாவின் துடுப்பில் பட்டுச் சிலிப்புக்குப் போன 800ஆவது விக்கெட்டுக்கு எதிரே எழுதப்பட்டிருப்பது, பிடித்தவர் மஹேல ஜயவர்தன, வீசியவர் முரளிதரன் என்பது மட்டுமே.